கணவர் போன பிறகு ஆராதனையில் வாய் திறக்க முடியவில்லை

நெல்லை_ஆல்டோ (டிசம்பர் 9)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பதினாறு வயதிலிருந்து கொயரில், அதாவது கோவில் பாடகர் குழுவில், ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன், இப்போது வயது 44. என் கணவரும் அதே கொயர்தான், பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுவார். இந்த ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். கணையத்தில் புற்றுநோய். பிப்ரவரியில் முதுகுவலி என்று டாக்டரிடம் போனோம், ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அடக்க ஆராதனை. அவ்வளவு சீக்கிரம்.

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வேத வசனம் எழுதியது) எடுப்போம் இல்லையா, போன டிசம்பர் 31 அன்று அவர் தட்டில் கைவிட்டு எடுத்த அட்டையில் சங்கீதம் 91:16 இருந்தது. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." வீட்டுக்கு வந்து அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பிறகு ஸ்கேன் சீட்டு, கீமோ தேதிச் சீட்டு எல்லாம் அதே காந்தத்தில்தான் தொங்கின. ஏழு மாதம் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் ஜெபித்தோம். ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருநாள் தண்ணீர் எடுக்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு வந்த வசனம் பொய்யாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

வருகிறவர்கள் எல்லாம் "துதியுங்கள், துதித்தால் பாரம் இறங்கும்" என்கிறார்கள். "சுகமாவார் என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று வீட்டுக்கு வந்து சொன்ன ஒரு சகோதரர், அடக்கம் முடிந்த மறுவாரம் "வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைந்திருக்கிறது" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன், பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறேன், வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் பேஸ் ஆரம்பிக்கும்போது அவர் குரல் இருந்த இடம் காலியாகக் கேட்கிறது, அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு "திருமண நாள் காண்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று எங்கள் சபை ஐயர் கூப்பிட்டபோது எழுந்து வெளியே போய் செருப்புப் போடாமல் வேப்பமரத்தடியில் நின்றேன். எங்கள் திருமண நாளும் அந்த மாதம்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மனம் ஒட்டாமல் பாடினால் அது மாய்மாலம் ஆகிவிடாதா? ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறேன், இந்தக் கோபத்தோடு திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கலாமா? இந்த டிசம்பர் 31 அன்று மறுபடியும் போய் ஒரு அட்டை எடுக்க வேண்டுமா?

ஓய்வு_ஆயர் (டிசம்பர் 9)

மகளே, 36 வருஷம் ஊழியத்தில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறவன் நான். எத்தனை அடக்க ஆராதனை நடத்தியிருப்பேன் என்று கணக்கு இல்லை. அந்த வீடுகளில் நான் பேசிய பல பேச்சுகளைப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, அதனால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் பையனுக்கு. 91ஆம் சங்கீதத்தை வேதத்தில் இன்னொருவனும் வாக்குத்தத்த அட்டை மாதிரி எடுத்து நீட்டியிருக்கிறான். மத்தேயு 4ஐப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்துவார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதியும்" என்று சாத்தான் சொன்னானே, அது இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனம். ஆண்டவர் அந்தச் சங்கீதத்தைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு உத்தரவாதச் சீட்டாக வைத்துக்கொண்டு குதிக்கவும் இல்லை. பிறகு அவரே 33 வயசு வாக்கில் சிலுவையில் இறந்தார், நீடித்த நாட்கள் அவருக்கும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் எடுத்த வசனம் பொய் இல்லை அம்மா. அதைத் தட்டில் போட்டு ஆளுக்கு ஒன்று என்று, இந்த வருஷத்துக்கு இவருக்கு என்று பங்கு வைத்த எங்கள் பழக்கத்தில்தான் பிழை இருக்கிறது. நானும் எத்தனையோ வருஷம் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன். உங்கள் பையனிடம் ஒரு வயதான ஆயர் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லுங்கள்.

கோபத்தைப் பற்றி. யோபு 1:21ஐ எல்லாரும் சொல்வார்கள், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." அதற்கு முந்தின வசனத்தை யாரும் படிப்பதில்லை. சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையிலே விழுந்து பணிந்தான் என்று இருக்கிறது. துணியைக் கிழித்ததும் பணிந்ததும் ஒரே மூச்சில். அப்புறம் 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான், 31ஆம் அதிகாரம்வரை ஆண்டவரோடு வழக்காடுகிறான். முடிவில் ஆண்டவர் யாரைக் கண்டிக்கிறார்? 42:7இல், அழகழகாய் இறையியல் பேசிய சிநேகிதர்களை. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். அந்தச் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது. வாயைத் திறந்தார்கள், கெட்டது.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வசனமே இல்லாமல், "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு முடிகிறது. பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் இந்த 88ஐப் பெரிய வெள்ளி மாலைக்கு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பக்திக் குறைவு என்றால் வேதப் புத்தகத்தில் இருந்திருக்காது. நம் ஞாயிறு ஆராதனைகளில் இவற்றை நாங்கள் வாசிப்பதில்லை, அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் கோவிலில் வார்த்தை கிடைக்காமல் போகிறது.

மாய்மாலம் என்று எதைச் சொன்னார் ஆண்டவர்? மனுஷர் காணும்படி செய்வதை. உங்களைப் பார்த்து யாரும் மெச்ச வேண்டும் என்று நீங்கள் பாடப் போவதில்லை. வரண்ட நெஞ்சோடு ஒருத்தி நிற்பது மாய்மாலம் ஆகாது. பாட முடியாவிட்டால் நில்லுங்கள், நிற்க முடியாவிட்டால் உட்காருங்கள். 28 வருஷம் வாய் திறக்க முடியாத எத்தனையோ பேருக்காக நீங்கள் ஆல்டோ பாடியிருக்கிறீர்கள், அன்றைக்குச் சபையில் யார் அழுதுகொண்டு நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது அவர்கள் உங்களுக்காகப் பாடட்டும். திருவிருந்துக்குப் போங்கள். அங்கே நீட்ட வேண்டியது வெறுங்கைதான்.

துதியின்_வீரன் (டிசம்பர் 10)

அக்கா, ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. துதியை விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் முதுகெல்லாம் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் பாடினார்கள். கட்டுகள் கழன்ற பிறகு பாடவில்லை, அதற்கு முன்னாலேயே பாடினார்கள். எபிரெயர் 13:15இல் ஸ்தோத்திரபலி என்று இருக்கிறது. பலி என்றால் வலிக்கத்தான் செய்யும்.

இதைப் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. 2019இல் எங்கள் முதல் குழந்தை நிறைமாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. சின்ன வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒரு உணர்வும் இல்லாமல், மரக்கட்டை மாதிரி நின்றுகொண்டு, அந்த ஞாயிறே கை உயர்த்திப் பாடினேன். அடுத்த ஞாயிறும். எத்தனையோ மாதம் அப்படியே. அது என்னைப் பிடித்து நிறுத்தியது, இல்லை என்றால் நான் எங்கே போயிருப்பேன் என்று தெரியாது.

ஓய்வு_ஆயர் (டிசம்பர் 10)

தம்பி, உன் இழப்பைக் கேட்டு மனம் கலங்குகிறது. நீ கண்டது உண்மைதான். உணர்வு வரட்டும் என்று காத்திராமல் பாடினவர்கள் நிறையப் பேர். பெரிய வெள்ளியில் "இரத்தம் காயம் குத்தும்" பாடுகிறோமே, அதன் ஜெர்மன் மூலத்தை எழுதிய பவுல் கெர்ஹார்ட் அதை 1656இல் எழுதினார். மறுவருஷமே அவருடைய முதல் பெண் குழந்தையைப் புதைத்தார். ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தார், மனசாட்சிக்காக பெர்லினில் ஆயர் வேலையை இழந்தார், 1668இல் மனைவியும் போனார். எழுதி வைத்த பாட்டை அதற்குப் பிறகும் அவர் பாட வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனி. நீயாகப் பாடினாய், யாரும் உன் கையைப் பிடித்து உயர்த்தவில்லை. ஏசாயா 61:3இல் ஒடுங்கின ஆவிக்குப் பதிலாகத் துதியின் உடையைக் "கொடுக்கவும்" என்றுதான் இருக்கிறது. கொடுக்கிறவர் அவர். துக்கப்படுகிறவர்களின் கறுப்பைப் பக்கத்தில் நிற்கிற நாம் உருவிப் போடக் கூடாது.

துதியின்_வீரன் (டிசம்பர் 10)

ஐயா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடினேன், என் மனைவியால் முடியவில்லை. நான்தான் அவளை அவசரப்படுத்தினேன், "நீயும் துதி, அப்போதுதான் விடுதலை" என்று. பால் சுரப்பு நிற்காமல் ஜாக்கெட் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தவளிடம் அதைச் சொன்னேன். ஒரு வருஷம் அவள் சபைப் பக்கமே வரவில்லை. அது என் தவறு. அக்கா, உங்களுக்கு எழுதியதில் அந்தத் தொனி இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

களக்காட்டுக்காரி (டிசம்பர் 10)

அந்த "விசுவாசம் குறைந்தது" என்ற பேச்சுக்கு மட்டும் சொல்கிறேன், அதைக் கேட்டாலே எனக்குப் பற்றி எரிகிறது. எங்கள் ஊருக்குப் பக்கம்தான் டோனாவூர். அங்கே கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931இல் கீழே விழுந்தார்கள், அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் படுக்கையும் அறையும்தான். வீட்டு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், ஜெபிக்க ஆள் இல்லாமலா போயிற்று? விசுவாசம் இல்லாமலா? கல்லறையில் பெயர்ப்பலகை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டிதான் அங்கே இருக்கிறது. ஒருநாள் பையனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மரங்களுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அந்தச் சகோதரரை வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கடலோரன் (டிசம்பர் 11)

நான் கத்தோலிக்கன், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. வேறு சபைக்காரன் பதில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், சரி, துக்கத்துக்குச் சபை ஏது.

என் அண்ணன் 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் போனவன். ஆழ்கடலுக்குப் போன படகு, 29ஆம் தேதி ராத்திரி காற்று ஏறியபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்றுகூடத் தெரியாது. எங்கள் பக்கம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, எந்த ஊரை எடுத்தாலும் அப்படித் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை. அடக்கம் இல்லாத சாவு என்பது வேறு மாதிரி அக்கா. அழுது முடிக்க ஒரு நாள் கிடைக்காது. வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு உடல் ஒதுங்கியது என்று போன் வரும், ஓடுவோம், அண்ணன் இல்லை. அண்ணன் இல்லையே என்று நிம்மதிப்பட்டுக்கொண்டு திரும்பி வருவோம், அந்த நிம்மதிக்காகப் பஸ்ஸில் அழுவோம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுத வந்தேன். தினமும் சாயங்காலம் செபமாலை சொல்லுகிறவர், அண்ணன் போன பிறகும் ஒரு நாள் விடவில்லை. அம்மாவின் விசுவாசம் பெரியது என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுக்குள் நடந்தது எனக்குத்தான் தெரியும். பத்து மணி உருட்டுவார், நடுவில் அருள்நிறை மரியே பாதியில் நின்றுவிடும். மாதா படத்தைப் பார்த்துச் சண்டை போடுவார். "உம் பிள்ளையைக் கொன்றாலும் இறக்கி உம் மடியிலாவது போட்டார்கள். எனக்கு அதையும் ஏன் தரவில்லை?" என்று கேட்பார். சத்தமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட மணியிலிருந்தே மறுபடி தொடங்குவார். ஒரு மணியைக்கூடத் தாண்டிப் போனதில்லை. முதலில் எனக்குப் பயமாக இருந்தது, இப்படியெல்லாம் கேட்கலாமா என்று. பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர், "உங்கள் அம்மா ஒருத்திதான் இந்த ஊரில் முழு செபம் சொல்கிறாள்" என்றார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது எங்களுக்குப் போக இடம் கிடையாது. அம்மா கடலரிப்புக்குப் போட்டிருக்கிற பாறாங்கல் மேல் ஏறி மெழுகுவர்த்தி வைப்பார், காற்று அணைத்துவிடும். மறுவருஷம் நான் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தோடு வெட்டி அடியில் மணல் போட்டுக் கொடுத்தேன், அதற்குள் நின்று எரிந்தது. இப்போது அந்த வரிசையில் வேறு வீட்டுப் பாட்டில்களும் நிற்கின்றன. பங்குச் சாமியாரும் கல்லறை மந்திரித்துவிட்டு அங்கே வந்து ஒரு செபம் சொல்லிப் போகிறார்.

உங்கள் அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் அக்கா. அம்மா படத்தைப் பார்த்துக் கேட்ட மாதிரி, அதன் முன்னால் நின்று கேளுங்கள்.

மட்டுநகர்_தங்கை (டிசம்பர் 13)

அக்கா, நான் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு பள்ளி முடிந்து வெளியில் நின்ற பிள்ளைகள் பலர் செத்தார்கள். நான் அந்தச் சபை இல்லை, அதே நகரத்தில் வேறு சபை, ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். வெடித்த சத்தம் எங்கள் ஆராதனைக்குள் கேட்டது.

பிறகு வந்த கிழமைகளில் என் வகுப்புப் பிள்ளைகளோடு என்ன பாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கை தட்டுகிற பாட்டு எல்லாம் தொண்டையில் நின்றது. ஒரு பிள்ளை, ஏழு வயது, "டீச்சர், ஜீசஸ் அண்டைக்கு எங்க நின்டவர்?" என்று கேட்டாள். நான் யோவான் 11ஐத் திறந்து, "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற அந்த ஒரு வசனத்தை மட்டும் எல்லாரையும் கொப்பியில் எழுதச் சொன்னேன். பாட்டு இல்லை, விளக்கம் இல்லை. எழுதி முடித்துவிட்டு வர்ணம் தீட்டினார்கள். ஒரு பெடியன் கண்ணீரைச் சிவப்பில் தீட்டினான். அன்றைக்கு ஆராதனை நடந்தது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு ஒவ்வொரு வருஷமும் வருகிறது, அக்கா. "அவர் உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லும்போது எங்கள் ஊரில் குரல் கொஞ்சம் நடுங்கும். நடுங்கிக்கொண்டே சொல்கிறோம். உங்கள் 31ஆம் திகதி ராத்திரியும் அப்படித்தான் இருக்கும். போக முடிந்தால் வாசலுக்குக் கிட்ட இருங்கோ, எழும்பி வரவேண்டி வந்தால் ஒருவரையும் தாண்டாமல் வரலாம்.

நெல்லை_ஆல்டோ (ஜனவரி 2)

எல்லாருக்கும் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஒவ்வொரு பதிலையும் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். 91ஆம் சங்கீதத்தைச் சாத்தான் சொன்ன இடத்தை அவன் தானே தேடிப் படித்தான். "அப்போ இயேசுவுக்கும் அந்த வசனம் அப்படி நடக்கலையா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான், ஆனால் அன்று இரவு ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு திருவிருந்து எடுத்தேன். கோபம் போகவில்லை, அதோடுதான் போனேன். ஐயா சொன்னபடி கையை மட்டும் நீட்டினேன்.

31 ராத்திரி போனோம். தங்கை சொன்ன மாதிரி வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சு. கொயர் புடவை கட்டவில்லை. எனக்குப் பக்கத்தில், இரண்டு மகன்களைப் பறிகொடுத்த ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், எழுத்து தெரியாதவர், பாட்டெல்லாம் மனப்பாடம். என் புத்தகத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் பார்க்காமலே கடைசிவரை பாடினார். நான் பாடவில்லை. கடைசி ஆமெனுக்கு மட்டும் வாய் தானாகத் திறந்தது, ஆல்டோவில். பேஸ் பக்கம் அந்த இடம் அப்படியேதான் இருந்தது. வெளியே ஓடவில்லை.

அட்டைத் தட்டு வந்தபோது நான் எடுக்கவில்லை, பையனும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் அட்டையை ஃபிரிட்ஜில் அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே தொங்கிய ஸ்கேன் சீட்டையும் கீமோ சீட்டையும் மட்டும் எடுத்து அலமாரியில் வைத்தேன். பையன் ஒரு சின்னத் தாளில் சங்கீதம் 88 என்று எழுதி அந்தக் காந்தத்திலேயே சொருகியிருக்கிறான்.

கடலோரன் தம்பி, அடுத்த நவம்பர் 2 அன்று எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் அனுப்பலாமா? உங்கள் அண்ணனுக்காக. அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.